ஹோரோவிட்ஸ் என்றொரு ஊர், ஓசூர் என்றொரு ஆள்

1

அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்தில் கேட்கிற கேள்விகள், மனிதனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வர வைப்பவை. நீங்கள் யாரையாவது சித்திரவதை செய்ததுண்டா? இனப்படுகொலையில் பங்கெடுத்ததுண்டா? வழக்கமான குடிகாரராக இருந்ததுண்டா? ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்று குறித்துக்கொண்டே போனபோது, இவ்வளவு சப்பென்றா வாழ்ந்து தொலைத்திருக்கிறோம் என்று எனக்கே சலிப்பு தட்டியது. ஐம்பத்தொரு வயதில் ஒரு கேள்விக்காவது 'ஆம்' என்று சொல்ல வக்கில்லை.

ஆனால் நான் மாட்டிக்கொண்டது அந்தப் பக்கத்தில் இல்லை. அதற்கு வெகு முன்பே, பெயர், பிறந்த தேதி என்று சாதுவாகக் கேட்டு வருகிற இடத்தில், ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது: 'உங்கள் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா?' ஆம் என்றால் புதுப் பெயரை எழுதக் கட்டங்கள். என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

என் பெயர் முனிராஜ். அப்பா பெயர் திம்மராயன். பள்ளிக்கூடத்தில் நான் தி. முனிராஜ். இங்கே ஒஹையோ மாநிலத்தில் இருபத்துமூன்று வருடமாக நான் மிஸ்டர் ஓசூர். மனைவி மிசஸ் ஓசூர். பதினாறு வயது மகள் இனியா ஓசூர். வீட்டுக் கதவில், கார் காப்பீட்டில், பல் டாக்டர் அனுப்புகிற நினைவூட்டலில், எங்கும் ஓசூர். ஒரு நகராட்சியையே குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு போன மாதிரி.

இது நடந்த விதம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே வாய்க்கக்கூடியது. ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் வீடு, எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்துப் பொம்மசந்திராவில் வேலை; காலையில் ஒரு மாநிலம், மாலையில் ஒரு மாநிலம் என்று பஸ்ஸில் போய்வந்து கொண்டிருந்த காலம். பாஸ்போர்ட்டுக்குக் கம்பெனிக்குப் பக்கத்திலேயே, சந்தாபுரத்தில் ஒரு ஏஜெண்டிடம் போனேன். அவர் கன்னடக்காரர். குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கினார்.

"எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பேரு திம்மராயன்" என்றேன்.

"அப்பன் பேருக்கு வேற கட்டம் இருக்குது சார். இதுல ஊர் ஹெசரு ஹாக்கோண பிடி."

ஊர்ப் பெயரைப் போடுவோம், விடு என்கிறார். அவர்கள் பக்கத்தில் ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொள்வது வழக்கம். அவர் தன் வழக்கத்தைச் செய்தார். மூக்கண்டப்பள்ளி கட்டத்துக்குள் அடங்காது என்று தாலுகாவான ஓசூரைப் போட்டார். நான் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவின் பெயர் என்னை விட்டுப் போனது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாங்கள் ஓசூர்க்காரர்களே இல்லை. அப்பாவின் சொந்த ஊர் காவேரிப்பட்டினம். தொழிற்பேட்டை வந்தபோது ஃபிட்டர் வேலைக்காக மூக்கண்டப்பள்ளிக்கு வந்தார். அங்கே வரிசை வீட்டுக்காரர் அவரைக் கடைசிவரை 'காவேரிப்பட்டினம்' என்றுதான் கூப்பிட்டார். காவேரிப்பட்டினத்துக்குக் கல்யாணம் காட்சி என்று போனால், பந்தியில் 'ஓசூர்க்காரருக்கு ரசம் ஊத்துங்க' என்பார்கள். இருக்கிற ஊர்ப் பெயரைச் சொல்லி எவரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

விண்ணப்பத்தில் அப்போதைக்கு 'இல்லை' என்று குறித்து அனுப்பிவிட்டேன். "நேர்காணல் அன்றைக்குக்கூட மாற்றிச் சொல்லலாம்" என்றார் வழக்கறிஞர். முடிவெடுக்கத் தெரியாதவனிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது. அன்று முதல் தூக்கம் போனது.

2

எங்கள் கம்பெனியில் தர ஆய்வுக்குத் தலைவர் மார்ட்டி ஹோரோவிட்ஸ். எழுபதை நெருங்குகிறவர். மைக்ரோமீட்டரை வயலின் மாதிரி பிடிப்பார். மதியம் நானும் அவரும் ஒரே மேஜை. அவருக்கு ரொட்டி, எனக்குத் தயிர்சாதம். அவரிடம்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஊர்ப் பெயரா? என்னுடையதும் ஊர்ப் பெயர்தான், தெரியுமா?" என்றார்.

தெரியாது. இத்தனை வருடம் அதை ஒரு குலத்தின் பெயர் என்றோ, ஒரு தொழிலின் பெயர் என்றோ நினைத்துக்கொண்டிருந்தேன். செக் நாட்டில், பிராகு நகரத்துக்குத் தென்மேற்கே, ஹோர்ஷோவிட்சே என்று ஒரு சின்ன ஊர். சில நூற்றாண்டுகளுக்கு முன் அங்கிருந்து பிராகுக்குக் குடிபோன ஒரு யூதக் குடும்பத்தைப் பிராகுக்காரர்கள் அந்த ஊர்ப் பெயரால் கூப்பிட்டார்கள். கோவில் ஊழியம் பார்த்த லேவியர் வம்சம் அது. பிள்ளைகள் போலந்து போனார்கள், ருஷ்யா போனார்கள். போன இடமெல்லாம் பெயர் கூடப் போனது. ருஷ்ய மொழிக்கு ஹகரம் வராது, அங்கே குரேவிச் ஆனார்கள். வேறிடத்தில் ஹுர்விட்ஸ். அமெரிக்காவில் எல்லா வகையும் கிடைக்கும்.

"யூதக் கல்யாணத்தில் 'ஹோரோவிட்ஸ்' என்று கூப்பிட்டுப் பார். நாலு மேஜை திரும்பும்" என்றார் மார்ட்டி. "எல்லாரும் சொந்தமா என்றால், அதுவும் இல்லை. பெயர் பெரிய பெயராக இருக்கிறதே என்று ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. என் கொள்ளுத்தாத்தா எந்த வகை என்று எனக்குத் தெரியாது."

"அந்த ஊருக்குப் போயிருக்கிறீர்களா?"

"மனைவியோடு ஒரு தடவை. பேக்கரியில் ஒரு பெண்மணியிடம் என் பெயரைச் சொன்னேன். 'அது எங்கள் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே, அப்படியெல்லாம் யாரும் பெயர் வைப்பார்களா?' என்று கேட்டாள். கேட்டவரையில் அந்த ஊரில் ஒரு ஹோரோவிட்ஸ் கிடையாது. இப்போது யூதரே இல்லை என்றார்கள்."

ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. படித்திருக்கிறேன். அவரும் ரொட்டியை மடித்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அந்த நிமிடத்தில் என் பெயர்க் கவலையை மேஜைக்கு அடியில் தள்ளிவிடலாம் போல வெட்கமாக இருந்தது. அவர்களைத் துரத்தினார்கள், கொன்றார்கள். நான் மாங்காய் ஊறுகாயோடு டாக்ஸி பிடித்து விமான நிலையம் போனவன்.

பிறகு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் பிறந்தபோது ஹோரோவிட்ஸ் இல்லையாம், ஹார்ட்டன். அவர் அப்பா வேலை தேடிய காலத்தில் சில தொழிற்சாலைகளில் யூதப் பெயரைப் பார்த்தாலே 'இடம் காலி இல்லை' என்பார்களாம். அப்பா பெயரைச் சுருக்கிக்கொண்டார். வேலை கிடைத்தது. மார்ட்டி இருபத்தாறு வயதில் கோர்ட்டுக்குப் போய்ப் பழைய பெயரைத் திரும்ப வாங்கினார். பெரிய காரியம் செய்துவிட்டதாக ஓடிப்போய்ச் சொன்னால், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"'நான் பயந்தாங்கொள்ளி என்று கோர்ட்டில் பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறாய்' என்றார். ரெண்டு வருடம் பேச்சு இல்லை. அப்புறம் என் கல்யாண அழைப்பிதழ். மாப்பிள்ளை ஹோரோவிட்ஸ், மாப்பிள்ளையின் அப்பா ஹார்ட்டன். வந்தவர்களெல்லாம் அவரிடம் போய், 'நீங்கள் மாற்றாந்தகப்பனா?' என்று விசாரித்தார்கள்."

"அவர் என்ன சொன்னார்?"

"'ஆமாம், பையன் என்னை மாற்றிவிட்டான்' என்றார்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "முனி, அப்பாவுக்காக மாற்றப்போகிறாய் என்றால் முதலில் அப்பாவைக் கேள். நான் கேட்கவில்லை" என்றார்.

அன்று மாலை சும்மா இருக்க முடியாமல் இணையத்தில் ஓசூர் என்ற குடும்பப் பெயரைத் தேடினேன். அமெரிக்காவில் விரல் விட்டு எண்ணலாம். வேறு மாநிலத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். சொந்தம் கிடைத்துவிட்டதே என்று எழுதினேன். மறுநாளே பதில்: 'எந்த ஓசூர்? எங்களுடையது ஹூப்ளி பக்கம்.' கன்னடத்தில் புது ஊர் என்று பொருள்படும் பெயர். கர்நாடகத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ஓர் ஓசூர் இருக்கிறது. கடிதத்தின் அடியில், பற்களை மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லியிருந்தார்.

3

முதலில் வீட்டில் கேட்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தேன். இனியா வாயில் இட்லியோடு நிமிர்ந்தாள்.

"நீங்க மாத்திக்கோங்க அப்பா. நான் மாட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா நான் ஓசூர்."

அவள் பள்ளியின் சாஃப்ட்பால் அணியில் விளையாடுகிறாள். முதுகில் அந்தப் பெயர்தான். முதல் பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. பயிற்சியாளர் மைதானத்தின் மறுகோடியிலிருந்து 'ஓசூர், ஓடு!' என்று கத்தும்போது, பார்க்க உட்கார்ந்திருக்கும் எனக்கு டவுன் பஸ்ஸில் ஏறவேண்டும் போல இருக்கும்.

"ஓசூரில் நீ மொத்தம் எத்தனை நாள் இருந்திருக்கிறாய்?" என்றேன்.

"ரெண்டு தடவை. ஒரு தடவை ஃபீவர்."

"அப்புறம் என்ன ஓசூர்?"

"உங்களுக்கு அது ஊரு அப்பா. எனக்கு அது பேரு."

நான் சட்னி கேட்டேன். என் மனைவி சுமதி சட்னிக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு, "நீங்க திம்மராயன், இவ ஓசூர்னு ஏர்போர்ட்ல நின்னீங்கன்னா, பொண்ணைக் கடத்திட்டுப் போறீங்கன்னு ஓரமா உக்கார வெப்பாங்க. அன்னிக்கு என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள்.

இனியாவின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரியாதைக்கு 'ங்க' சேர்க்க வேண்டும் என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தோம். அவள் அதைத் தனக்கும் சேர்த்துக்கொண்டாள். தாத்தாவிடம் போனில், "நான் சாப்பிட்டீங்க தாத்தா, நான் நல்லா இருக்கீங்க" என்பாள். அப்பா அதைத் திருத்த விடமாட்டார். "இருக்கட்டும் வுடு, அவளாச்சும் அவளுக்கு மரியாத குடுத்துக்கறா" என்பார்.

இப்படியாக, ஊரை நினைத்துப் புழுங்குகிற நான் அந்தப் பெயரை உதறப் பார்க்கிறேன். ஊரைத் தெரியாத பெண் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அண்ணன் தம்பி என்று யாரும் இல்லை. தங்கை லட்சுமி மட்டும்தான், அவள் பிள்ளைகளுக்கு அவள் கணவர் பெயர். நான் எழுதாவிட்டால் அப்பாவின் பெயர் அவரோடு முடிந்துவிடும் என்ற கணக்கு நெஞ்சில் கரப்பான்பூச்சி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

4

நேர்காணல் தேதி வந்தது. அப்பாவுக்கு வீடியோவில் போன் போட்டேன். திரை முழுக்க ஒரே ஒரு கண். அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டதால் போனை முகத்தில் ஒட்டிக்கொண்டுதான் பேசுவார்.

"டேய் முனி. இளைச்சிட்டியாடா?"

"பார்வை தெரியுதாப்பா?"

"தெரியல. எப்பவும் கேக்கறதுதானேன்னு கேட்டேன்."

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் நீட்டி முழக்கித்தான் சொன்னேன். உங்கள் பேரை என் பேருக்குப் பின்னால் போடப்போகிறேன், இனிமேல் அமெரிக்காவில் நான் மிஸ்டர் திம்மராயன் என்று முடித்தேன். எதிர்ப்பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம்.

"எம்பேரு எதுக்குடா உனக்கு?" என்றார் அப்பா. "எம்பேர்ல சொத்தா இருக்குது?"

"அப்படி இல்லப்பா. அன்னிக்கு அந்த ஏஜெண்டு மாத்தி எழுதினப்ப நான் சும்மா இருந்துட்டேன்."

திரையில் கண் இரண்டு தடவை இமைத்தது.

"ஒருவாட்டி உங்க கம்பெனிலேந்து வாழ்த்து லெட்டர் வந்துச்சு. மிஸ்டர் ஓசூர் ஃபேமிலின்னு போட்டு. போஸ்ட்மேன் சிரிக்கிறான். 'பெரியவரே, ஊருக்கே லெட்டர் வந்துக்கீது, பஞ்சாயத்து போர்டுல ஒட்டிடட்டுமா'ங்கறான். அன்னிக்கி ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஃபேக்டரி கூட்டாளிங்க முன்னாடி வேற கேட்டான். என்னாத்த சொல்றது, பையன் அப்பன் பேர வுட்டுட்டான்னா?"

"ஏன்ப்பா அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ என்னா, லெட்டர கிழிச்சிட்டு ஓடியாந்துருவியா? சும்னே எதுக்கு. அப்புறம் பழகிப்போச்சு. இப்ப யாரும் கேக்கறதும் இல்ல, கேட்டவங்க பாதிப் பேரு இல்ல."

லட்சுமி போனைப் பிடுங்குவது தெரிந்தது. திரையில் கூரை, மின்விசிறி, பிறகு அவள் முகம். அவள் என்னைவிட ஆறு வயது சின்னவள். பேச ஆரம்பித்தால் அறுபது வயது பெரியவள்.

"ஏன்ணா, காதுல வுழுந்துச்சு எல்லாம். நல்லாத்தான் இருக்குது. அந்த ஃபாரத்துல பேர எழுதிட்டா அப்பாவுக்குக் கண்ணு தெரிஞ்சிருமா?"

"என்ன சொல்ற?"

"ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்க. இவ்ளோ நாளு சர்க்கர எறங்கல, இப்பத்தான் எறங்கிக்கீது, இப்பவே பண்ணிரணும்ங்கறாங்க. மொதக் கண்ணுக்கு நீ வரல. புராஜெக்ட்டுன்ன. அதுல சர்க்கர நரம்ப சாப்ட்டுருச்சு, பாதிதான் தெரியுது. மிச்சம் இருக்கறது இந்த ஒண்ணுதான். இவரு நைட் ஷிப்டு, நான் ஒருத்தியா எத்தன பாப்பேன்?"

தேதி சொன்னாள். என் நேர்காணலுக்கு முந்தின நாள்.

"அதுக்கு மறுநாள் எனக்கு இண்டர்வியூ லட்சுமி."

"அப்ப பேர எழுதிட்டு வா" என்றாள். "அப்பா பேரு உன்கிட்ட இருக்கட்டும். அப்பா என்கிட்ட இருக்கட்டும்."

வைத்துவிட்டாள்.

அந்த வாரம் நான் செய்த காரியங்கள்: தோட்டத்தில் ஏற்கெனவே வெட்டிய புல்லை மறுபடி வெட்டினேன். நேர்காணலைத் தள்ளிவைத்தால் எவ்வளவு காலம் ஆகும் என்று வழக்கறிஞரைக் கேட்டேன்; "சில மாதம், அல்லது ஒரு வருடம், அல்லது அவர்கள் மனசு" என்றார். தள்ளிவைக்கக் கேட்டுக் கடிதம் எழுதினேன், கிழித்தேன், எழுதினேன். கிழித்தேன் என்று எழுதுவது நடைக்காக. கணினியில்தான் எழுதினேன், அழித்தேன். மார்ட்டியிடம் போய் நின்றேன். அவர் அளந்துகொண்டிருந்த துண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னைக் கேட்காதே. என் அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு நான் போகவில்லை. எந்தப் பெயரில் அவரைப் பதிவு செய்தார்கள் என்றுகூடத் தெரியாது" என்றார்.

வெள்ளிக்கிழமை கடிதத்தை அனுப்பினேன். காரணம்: தந்தையின் அறுவை சிகிச்சை. பெயர்: முனிராஜ் ஓசூர்.

5

பெங்களூரிலிருந்து கார் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டும்போது, டிரைவர், "ஓசூர்ல எங்க சார்?" என்று கேட்டார். மூக்கண்டப்பள்ளி என்றேன். ஷிப்டு விட்ட நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று, சீருடைக்காரர்களை இறக்கிக்கொண்டிருந்தன. டீக்கடையில் தெலுங்கும் கன்னடமும் மதுரைத் தமிழும் ஒரே கண்ணாடி டம்ளரில் கலந்து ஓடின. இப்போது ஒடியாவும் இந்தியும் சேர்ந்திருக்கின்றன. இந்த ஊரில் கால்வாசிப் பேருக்காவது சொந்த ஊர் வேறு. அவர்கள் யாரும் ஓசூர் என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை, வேலைதான் பார்க்கிறார்கள்.

லட்சுமி கதவைத் திறந்து, "வந்துட்டியா" என்றாள். அவ்வளவுதான். பிறகு உள்ளே போய் எனக்கு மட்டும் இரண்டு முட்டை அதிகமாக வைத்தாள்.

மறுநாள் காலை கண் ஆஸ்பத்திரி. அப்பாவுக்குப் பச்சை அங்கி போட்டு, எந்தக் கண் என்று தெரிய நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி, பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் அதே கோலத்தில் ஏழெட்டுப் பெரியவர்கள். ஒரே வகுப்புப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். அப்பா என் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எத்தன நாள் லீவு?"

"பத்து நாள்."

"அந்த இண்டர்வியூ?"

"தள்ளி வெக்கச் சொல்லி எழுதியிருக்கேன்."

"பேரு?"

"இன்னும் எழுதலப்பா."

"எழுதாத" என்றார். "அந்தப் பொண்ணு பேர எதுக்குக் கெடுக்கற. முதுகுல போட்டுக்கினு ஓடறாளாம், லட்சுமி போட்டோ காட்டினா. எனக்குத் தெரியல, இவ படிச்சிச் சொன்னா." கொஞ்சம் நிறுத்தி, "இந்தக் கண்ணு தெரிஞ்சதும் நானே படிச்சிக்கிறேன்" என்றார்.

பக்கத்துப் பெரியவர், "உங்க பையனா? எந்த ஊருங்க?" என்று விசாரித்தார். "அமெரிக்கா" என்றார் அப்பா. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "எங்க பையன் இதோ இருக்கற குருபரப்பள்ளி. அவனே இன்னும் வந்து சேரல" என்றார். அப்பா முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எந்தப் படிவத்திலும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

கதவு திறந்தது. ஒரு நர்ஸ், கையில் அட்டையோடு தலையை நீட்டி, "திம்மராயன் கூட வந்தவங்க யாரு?" என்று கூப்பிட்டாள்.

எழுந்தேன். எழுந்த வேகத்தில் பெஞ்சே ஆடியது. "மெதுவாடா" என்றார் அப்பா.

"நீங்க என்ன வேணும் சார் இவருக்கு?"

"மகன்."

எழுதினாள். பெயருக்கான இடத்தைத் தாண்டிப் பேனா அடுத்த வரிக்குப் போய்விட்டது. நான் விடவில்லை.

"என் பேர் எழுதலீங்களே?"

"மகன்னா போதும் சார். பேரச் சொல்லியா கூப்பிடப்போறோம்? பெரியவர் பையன் யாருன்னுதான் கேப்போம். போன் நம்பர் சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தேன். மூன்று இலக்கம் எழுதியவள் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"இது எந்த ஊரு நம்பரு?"

"அமெரிக்கா."

"அது வேணாம் சார். சொட்டு மருந்து மாத்தணும், செக்கப் வரணும், திடீர்னு கண்ணு வலிக்குதுன்னா வந்து நிக்கணும். ஆறு மாசத்துக்கு நாங்க கூப்பிடற நம்பரு இதான். கூப்பிட்டா வர்றவங்க நம்பரக் குடுங்க."

எழுதிய மூன்று இலக்கத்தையும் அடித்தாள். மகன் என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே, லட்சுமியின் எண்ணைச் சொன்னேன். கைபேசியைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.